தாடையைத் தொட்ட எடைக்கல்

யோகஸ்ரீ பின்னந்தலை சுவரில் படும்படி நின்றாள்.

இருபது கிலோ எடைக்கல் அவள் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வகுப்பறை உத்திரத்தில் கட்டிய கயிற்றில் தொங்கும் இரும்புக்கல். இரண்டு கையாலும் அதைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தாள்.

எதிரே, எட்டாம் வகுப்பு பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா.

இருளப்பன். பருப்பு மண்டியில் மூட்டை தூக்குபவர். மாநில அறிவியல் கண்காட்சிக்கு மகளை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

"பல்லியக் கண்டாலே ஊரக் கூட்டிருவா, டீச்சர். இவ எங்கிட்டு மூணு நாள் வெளியூர்ல தனியா இருக்கப் போறா?"

ஜெனிபா டீச்சர் வாதாடவில்லை.

"கண்காட்சியில இவ செய்யப் போறத ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றார்.

யோகஸ்ரீ கையை எடுத்தாள்.

கல் அவளை விட்டுப் போனது. முதலில் சோம்பலாக. பிறகு வேகமாக.

அதன் கனம் இருளப்பனுக்குத் தெரியும். மண்டியில் அதைப் போல் பத்துக் கற்கள் கிடக்கின்றன. ஒன்று ஒருவன் காலில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

அறையின் அந்தக் கோடி வரை ஏறிய கல் ஒரு கணம் நின்றது.

திரும்பியது.

நேரே மகள் முகத்துக்கு.

"ஏ பிள்ள, நகரு!"

அவர் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது.

அவள் நகரவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை.

தாடைக்கு ஒரு விரற்கடை முன்னால் கல் நின்றது. வந்த வழியே திரும்பிப் போனது.

"எந்த உயரத்துல விட்டோமோ, அதுக்கு மேல அதால ஏற முடியாதுப்பா. காத்தும் கயிறும் வேற கொஞ்சம் தின்னுரும். அதான் தொடல."

அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். கல்லைத் தூக்கிப் பார்த்தார். ஏமாற்று ஒன்றும் இல்லை.

பெற்ற பிள்ளையிடம் தோற்க எந்த அப்பனுக்கு மனசு வரும்?

"நான் நிக்கேன்" என்றார்.

மகள் உயரத்துக்கு முழங்காலை மடக்கி, சுவரில் தலையைச் சாய்த்தார். கல்லைத் தாடைக்குக் கொண்டுவந்தார்.

"தள்ளக் கூடாதுப்பா. கைய மட்டும் எடுக்கணும்."

"தெரியும், தெரியும்."

அவருக்குத் தெரிந்திருக்கலாம். கைக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை எந்தப் பாரத்தையும் சும்மா விட்டதில்லை. முதுகு மூட்டையை இறக்கும்போது, கடைசியில் உள்ளங்கையால் ஓர் உந்து கொடுத்துத்தான் விட வேண்டும். இல்லையென்றால் மூட்டை காலிலேயே சரியும். மண்டிக்கு வந்த முதல் நாளே எல்லாரும் படிப்பது அது.

கை உந்தியது.

டீச்சர் கவனிக்கவில்லை. உந்தியவருக்கே தெரியவில்லை. மகளைப் போலவே நகரக் கூடாது என்று, கல் போவதைப் பார்த்துக்கொண்டு வீம்பாக நின்றார்.

மகள் பார்த்தாள். அந்தக் கோடியில் கல், தான் விட்டபோது ஏறியதைவிட ஒரு சாண் கூடுதலாக ஏறியதைப் பார்த்தாள்.

விளக்கம் சொல்ல நேரமில்லை.

பாய்ந்து அவர் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முப்பத்தெட்டு கிலோ பிள்ளை. எண்பது கிலோ அப்பா. இருவரும் ஒருவர்மேல் ஒருவராகத் தரையில் விழுந்தார்கள்.

கல் சுவரில் மோதியது.

காரை பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் தலை இருந்த உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்.

இருளப்பன் கிடந்த இடத்திலிருந்தே பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"தள்ளிட்டீங்கப்பா" என்றாள். "நீங்க குடுத்ததையும் சேத்துல்ல கொண்டாந்துருச்சு!"

அழுதுகொண்டே சொன்னாள். தன் முகத்துக்குக் கல் வந்தபோது இமைக்காத பிள்ளை.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"பஸ் எத்தன மணிக்கு, டீச்சர்?"

அன்று மகள் இழுத்ததில் சட்டையில் இரண்டு பொத்தான்கள் தெறித்துப் போயிருந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவி ஊசி நூலோடு வந்தாள். வேண்டாம் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை காலை யோகஸ்ரீயைப் பஸ் ஏற்றிவிட்டு, அதே சட்டையோடு நேரே மண்டிக்குப் போனார்.

நெஞ்சை நிமிர்த்தி, திறந்து கிடக்கும் சட்டை எல்லார் கண்ணிலும் படும்படி நடந்தார். துவரம்பருப்பு லாரி ஒன்று இறங்கியது. உளுந்து லாரி ஒன்று இறங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மண்டியில் யார் சட்டைதான் முழுசாக இருக்கிறது?

மதியச் சாப்பாடு வரை பொறுத்தார்.

அதற்கு மேல் முடியவில்லை. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தார்.

"எஞ்சட்டைக்கு என்னாச்சுன்னு ஒருத்தனாவது கேளுங்களேன்டா!"