பின்னிட்டுப் பார்த்தவள்

தேவாலயச் சமையற்கட்டு வாசலில் நின்று போதகர் ரியூ கில்சு நாளைய பிரசங்கத்தை வாசித்துக்காட்டுகிறார். உள்ளே குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்குப் பிளந்த முட்டைக்கோஸ்கள் குவிந்து கிடக்கின்றன. பெண்கள் இதழ் இதழாக விலக்கி உப்புத் தேய்க்கிறார்கள். சன்னல் வெயிலில் அவர்கள் முழங்கைவரை உப்பு மின்னுகிறது. “எரியும் சோதோமைவிட்டு ஓடும்போது லோத்தின் மனைவி ஏன் பின்னிட்டுப் பார்த்து உப்புத்தூண் ஆனாள்? விட்டுவந்த சொத்தின்மேல் ஆசை” என்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தி, பே ஒக்சிம், தலை நிமிராமலே சிரிக்கிறாள். “ஊரே பத்தி எரியுது, கிம்ச்சி ஜாடிய நெனச்சா திரும்புவா? கட்டிக்கொடுத்த பொண்ணுங்க அங்கதானே இருந்திருப்பாங்க. யாராவது கூப்பிட்டிருப்பாங்க, பாஸ்டர்.” அவள் விரல்களுக்கிடையில் உப்பு நறநறக்கிறது. வடகொரியாவிலிருந்து போதகர் தப்பிய அன்று, எல்லையில் உறைந்துகிடந்த தூமன் ஆற்றின் பனிக்கட்டியும் காலடியில் இப்படித்தான் நறநறத்தது. பாதி ஆற்றில், “அண்ணா” என்று தங்கையின் குரல் முதுகில் வந்து மோதியது. அவர் திரும்பவில்லை. கரையேறினார், வேதம் படித்தார், ஆண்டுதோறும் இந்த வசனத்தைச் சொத்தாசை என்றே பிரசங்கிக்கிறார். இப்போது தாள்களை மடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி நடக்கிறார். “பாஸ்டர், கண்ணாடிய விட்டுட்டுப் போறீங்களே” என்று பின்னாலிருந்து கூப்பிடுகிறாள் ஒக்சிம். அவர் கால்கள் நின்றுவிடுகின்றன. அவள் மறுபடியும் கூப்பிடுகிறாள். முற்றத்து வெயிலில், கதவுக்கு முதுகைக் காட்டியபடி, அவர் அசையாமல் நிற்கிறார்.