இன்னொரு கரண்டி

கம்ப்யூட்டர் கடை மேசையில் கிராபிக்ஸ் கார்டு மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தது. கேம் விளையாடவென்றே கம்ப்யூட்டர் கட்ட வந்த இளவழகன், கையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே கொடுத்துவிட்டான். மிச்சத்துக்கு, எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் நல்ல பவர் சப்ளை ஒன்று வாங்கலாம். இல்லாவிட்டால் மட்டமான ஒன்றை வாங்கி, கலர் லைட் எரியும் விசிறிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேசைக்கு வந்திருந்த நல்ல பவர் சப்ளை ஓரமாக ஒதுங்கியது. தன்னைப் போன்ற வெறும் கறுப்பு டப்பாவைப் பார்த்து யார் ஆசைப்படுவார்கள்?

"விசிறிகளே வரட்டும். நான் உட்காரும் மண்டபம் ஜொலிக்க வேண்டாமா?" என்றது கார்டு.

"மண்டபம் ஜொலிக்கும் மாப்பிள்ளை. பந்தியில் கரண்ட் பரிமாறப் போவது யாரு?" என்று கேட்டது நல்ல பவர் சப்ளை.

"அதான் அந்த மட்ட விலைச் சின்ன டப்பா இருக்கே!"

விசிறிகள் பளிச்சென்று கண்ணடித்தன. இளவழகன் விழுந்தே போனான். நல்ல பவர் சப்ளை அலமாரிக்குத் திரும்பியது.

மறுநாளே, கட்டி முடித்த கம்ப்யூட்டர் பெட்டி கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. விளையாட்டில் முதல் குண்டு வெடித்ததும் மொத்தமும் அணைந்துவிடுகிறதாம்.

"நாலு பேருக்குச் சமைக்கிறவன் நான். இந்த மாப்பிள்ளை ஒருத்தரே நாற்பது இலைச் சாப்பாடு கேட்கிறாரே!" என்று அழுதது சின்ன டப்பா.

கடைக்காரர் அதையும் லைட் விசிறிகளையும் கழற்றிவிட்டு, நல்ல பவர் சப்ளையைப் பெட்டியின் அடியில் பொருத்தினார். விளையாட்டு தொடங்கியது. குண்டுக்கு மேல் குண்டு வெடித்தும் எதுவும் அணையவில்லை. பெட்டிக்குள் மட்டும் கும்மிருட்டு.

"மண்டபம் இருட்டா இருக்கே மாப்பிள்ளை, பரவாயில்லையா?" என்று அடியிலிருந்து மெல்லக் கேட்டது பவர் சப்ளை.

"இருட்டில் கைக்கு வாய் தெரியாமலா போகும்? பேசாமல் இன்னொரு கரண்டி போடுமய்யா!" என்றது கார்டு.