விரால் குஞ்சு

"குஞ்சு பொரிச்சிருக்குடி. வந்து பாரு."

தோட்டத்துக் குளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, தலை தண்ணீரைத் தொடாத குறையாகக் குனிந்திருந்தான் அவன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இடது கன்னத்தில் நேற்றைய வீக்கம் வடியவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைத்து இவள் கண்டதில்லை.

தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று ஒரு திரள்.



அவன் வளர்க்கிற தங்கமீனின் குஞ்சு அழுக்குக் கறுப்பில்தான் பிறக்கும். வீராணம் ஏரிக்கரையில் பிறந்தவளுக்கு இந்தச் சிவப்பைத் தெரியாதா?

விரால்.

குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். விரல் பட்டால் போதும், பாய்ந்து கடிக்கும்.

அவளேதான் விட்டாள். மீன்காரி உயிரோடு விற்ற இரண்டு. குழம்புக்குத்தான் வாங்கினாள். அதற்கு முதல் நாள்தான், தங்கமீன் ஒன்று செத்து மிதந்ததற்காக அவளைச் செருப்பால் அடித்திருந்தான். நீயும் ஆச்சு, உன் மீனும் ஆச்சு என்று முணுமுணுத்தபடி இரண்டையும் குளத்தில் கவிழ்த்தாள்.

அப்புறம் தங்கமீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

எதிர்வீட்டுப் பூனைதான் என்றான். வாலைப் பிடித்துச் சுவரில் ஓங்கி அடித்தான். இரண்டாவது அடிக்கு வேலையில்லை.

உண்மை தெரிந்தால் இவளுக்கும் அதே சுவர்தான். வாயைத் திறப்பாளா?

"மிருதுளா, கையை விட்டுப் பாரு. கூசும்."

மகள் ஓடி வந்து அப்பா பக்கத்தில் குனிந்தாள். பள்ளிக்கூடச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

திரளுக்கு அடியில் ஒரு கறுத்த முதுகு மெல்லத் திரும்பியது.

"கையை எடு பாப்பா. அது விரால். நான்தான் விட்டேன்."

சொல்லிவிட்டாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் என்ன வரும் என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை.

"உங்கம்மா சொல்றது நெசமான்னு பார்ப்பமா?"

மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான்.

அந்த அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். பிடுங்கிக்கொண்ட பிஞ்சு விரலில் ரத்தம் கொட்டியது.

அவள் யோசிக்கவில்லை. முழங்காலால் அவன் பிடரியில் ஓர் இடி. முகம் சிவப்புத் திரளுக்குள் போயிற்று. முழங்காலை அங்கேயே வைத்து, மொத்த பாரத்தையும் அதன் மேல் இறக்கினாள்.

விரால்கள் பாய்ந்தன.

அவன் கைகள் கரையைப் பிறாண்டின. பாசி பெயர்ந்து வந்தது. தண்ணீர் எழும்பி அவள் மார்பு வரை நனைத்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு இப்படியொரு நிம்மதி வந்ததில்லை.

பிறாண்டல் தளர்ந்தது.

"போதும்மா," என்றாள் மகள்.

அந்தச் சொல்லை அவள் இதுவரை அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அவன் ஒருநாளும் கேட்டதில்லை.