சுயேச்சைக்கு ஒன்று

"சுயேச்சை வேட்பாளர், ஒரு ஓட்டு," என்றது ஒலிபெருக்கி.

 ஓட்டு எண்ணும் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அடக்கப் பார்த்தவர்களும் முடியாமல் சிரித்தார்கள்.

கண்ணாடிக்காரன் அசையாமல் நின்றான்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவன் பிழைப்பு. அதே கேள்வியை அரசியலில் அவனிடம் கேட்டால், "ரெண்டும் மங்கல்," என்பான். அந்தக் கொழுப்புதான் அவனைத் தேர்தலில் இறக்கிவிட்டது என்று பேச்சு.

உண்மையில் இறக்கிவிட்டது ஒரு பூட்டு. வார்டில் புது நூலகம் கட்டி முடித்திருந்தார்கள். யார் பெயரை வைப்பது என்று இரண்டு கட்சிகளும் அடித்துக்கொண்டதில் அது திறக்காமலே கிடந்தது. புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளுக்குள் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தன.

பெயரே வேண்டாம், கதவைத் திறங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கேட்டவர்கள் எல்லாரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். சிலர் காப்பிகூடக் கொடுத்தார்கள்.

அவனை முன்மொழிந்து மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே பத்துப் பேர். அதில் மூன்று பேர் இப்போது கூடத்தில்தான் இருந்தார்கள். மூவரும் ஒரே சமயத்தில் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா, தன் கட்சியின் முகவராக. இந்தப் பக்கம் அக்கா, தன் கட்சியின் முகவராக. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டு பல வருஷம் ஆகிறது.

அப்பாவின் வீட்டில் எதிர்க்கட்சிக்காரர் பேச ஆரம்பித்தால் டிவி அணைந்துவிடும். பெண் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆண் பிள்ளையின் முடி காதைத் தொடக் கூடாது. "ஏன்?" என்று கேட்டால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

நர்ஸ் வேலை கிடைத்த கையோடு அக்கா நர்ஸ்கள் சங்கத்திலும், அதன் வழியாகக் கட்சியிலும் சேர்ந்தாள். மனசுக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனாள்.

மூச்சு முட்டிக் கிடந்த தம்பியும் அவள் பின்னாலேயே போய் அவள் கட்சியில் சேர்ந்தான். சுவரொட்டி ஒட்டினான். தொண்டை கிழியக் கோஷம் போட்டான். அங்கே தலைவர், தொண்டர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். ஒரு கூட்டத்தில் வாய் தவறி "ஏன்?" என்று கேட்டுவிட்டான்.

அந்த வட்டமும் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

கட்சியை விட்டு வெளியே வந்தான். அப்பாவின் ஆட்கள் அவனை அக்காவின் ஒற்றன் என்றார்கள். அக்காவின் ஆட்கள், அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்றார்கள். அப்பா அன்றிலிருந்து தன் கண்ணாடியை இரண்டு தெரு தள்ளி வேறொரு கடையில் வாங்கினார்.

அவனுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. யாருக்கும் கட்டுப்படாத மனுஷன் என்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொள்வான். கண்ணாடிக்கா அங்கே பஞ்சம்?

அக்கா எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டாள்.

"விடுடா. உன் ஓட்டாவது உனக்கு விழுந்துச்சே."

பாதி கேலி, பாதி பாசம். தன் ஓட்டு எங்கே போனது என்பதை அவள் இதைவிடப் பச்சையாகச் சொல்லியிருக்க முடியாது. அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

ஜெயித்தது அப்பாவின் கட்சி. வெளியே கோஷம் தொடங்கிவிட்டது. அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நேராகத் தேர்தல் அதிகாரியிடம் போனார்.

"சுயேச்சைக்கு ஒண்ணுன்னு சொன்னீங்க. தப்பு. ரெண்டு இருக்கணும். மறுபடி எண்ணுங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை. அப்பா விரலை மடக்கிக் காட்டினார். "அவன் போட்டது ஒண்ணு." இரண்டாவது விரலை மடக்கும்போது கொஞ்சம் தயங்கினார். பிறகு வாய் திறக்காமல் அதையும் மடக்கினார்.

தம்பியின் தோளில் இருந்த அக்காவின் கை அப்படியே இறுகியது. அப்பாவின் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஆயுசு முழுக்க அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர் அவர். இப்போது ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரன் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தான். "வேண்டாம்பா. சரியாத்தான் எண்ணியிருக்காங்க."

"என்னடா சரி? உன் ஓட்டை எவனோ முழுங்கியிருக்கான். நீ பேசாம இரு."

அவன் பேசாமல் இருந்தான்.

ஓட்டுப்பதிவு அன்றைக்குச் சாவடியில், மறைப்புத் தட்டிக்குப் பின்னால், முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து நின்றான். முகவர் வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா வெளியே ஒரு தடவை செருமினார். அவ்வளவுதான். அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. முத்திரை அவன் பெயரைத் தாண்டிப் போய், சின்ன வயசிலிருந்து போகச் சொல்லிக் கொடுத்த இடத்தில் இறங்கியது.

அந்தச் சீட்டு இப்போது அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஜெயித்த கட்டுகளில் ஏதோ ஒன்றில், ரப்பர் பேண்டுக்குள்.