வெள்ளிக்கிழமை அடைப்பு

"இந்த வெள்ளிக்கிழமையும் ஸ்கூட்டர் கெளம்பலைங்க" என்றாள் செவந்தி போனில்.

மஸ்கட்டில் லீவு நாளில் படுத்திருந்த உடையப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "ப்ளக்கைக் கழட்டிப் பாரு. ஈரமா இருக்கா?"

"காஞ்சு கெடக்கு."

"அப்ப கார்பரேட்டர்லதான் அடைப்பு. பெட்ரோலை மூடிட்டு, உள்ள இருக்குற சின்ன ஜெட்டை எடுத்து ஊது. ஊசியை விட்டுக் குத்திப்புடாத, ஓட்டை பெருசாயிரும்."

செவந்தி போனுக்குப் பக்கத்தில் பலமாக ஊதினாள்.

"மாட்டிட்டேன். இருங்க, ஒதைச்சுப் பாக்குறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. காலையில் இலுப்பூர் சந்தைக்குப் போனபோதும் அப்படித்தான் கிளம்பியது. மற்ற நாளில் 'சாப்டியா, வச்சிரவா' என்று முடித்துக்கொள்கிற மனுஷன், கார்பரேட்டர் என்றால் அரைமணி நேரம் பேசுவான்.

"நீங்க சொன்னபடியே செஞ்சேன், கெளம்பிருச்சுங்க."

"கேட்டுச்சு. நீ ப்ளக்கைக் கழட்டயில கடுகு வெடிச்சதும் கேட்டுச்சு" என்றான் உடையப்பன். "அடுத்த வாரம் ப்ளக்கு ஈரமா இருக்குன்னு சொல்லு. அதுக்கு ஒரு மணி நேரம் பேசலாம்."