மாத்திரை யாருக்கு

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம், தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று திருவான்மியூர் வரை வந்து ஒரு மருந்துக்கடை முன் நிற்கிறார். கண்ணாடி மேசையில் பட்ட சாயங்கால வெயில் அவர் முகத்தில் அடிக்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைச் சீட்டை வாங்கிய கடைக்காரப் பெண், "யாருக்கு சார்?" என்கிறாள். "வீட்டம்மாவுக்கு" என்று வாய் முந்திக்கொள்கிறது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த மனைவி தங்கம் பின்னாலேயே நிற்கிறாள். அவருக்குக் காது சுடுகிறது. தங்கம் முன்னால் வந்து, "ஆமாம்மா, எனக்குத்தான். நல்லாயிட்டுன்னு நெனச்சு நாலு நாளா போடல. இப்ப ரெண்டா சேத்துப் போடலாமா?" என்கிறாள். "சேத்துப் போடவே கூடாதும்மா. இப்பவே டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க. இனிமே நீங்களா நிறுத்தாதீங்க." சீட்டின் தலையில் அவருடைய பெயரும் வயதும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டும் தங்கத்திடமே பேசிக்கொண்டிருக்கிறாள். தன் பொய்யை இரண்டு பேரும் தாங்கிப் பிடிப்பதைப் பார்க்க மாட்டாமல் சுயம்புலிங்கம் தலை குனிகிறார். பேருந்து ஒன்று ஹாரன் அடித்துப் போகிறது. அந்தச் சத்தம் ஓய்ந்ததும், "தலை சுத்துதும்மா, எனக்கு" என்கிறார், மேசையைப் பார்த்தபடியே.