பெட்டிக்குள் பூஞ்சை

நல்ல பாம்பு முட்டைகளின் மேல் மறுபடியும் பூஞ்சை படர்ந்திருந்தது. ஜோதிலட்சுமி அவற்றைப் புரட்டாமல், காய்ந்த பஞ்சால் ஒற்றியெடுத்தாள்.

“மீன் நாறுற கையால தொட்டா நாகம் பொறுக்குமா?” என்றார் மாமனார் தாண்டவராயன்.

தேவனாம்பட்டினத்து மீனவப் பெண்ணை மகன் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல், அந்த வீட்டில் எது கெட்டாலும் அவள் கைதான் காரணம். சிதம்பரத்தில் விலங்கியல் ஆசிரியராக இருக்கும் அவள் கணவன் அரசு, வீடு கட்டக் கடைக்கால் தோண்டிய பள்ளத்தில் கிடைத்த முட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் தேங்காய் நார்த்தூள் போட்டு வைத்து, அவளை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான்.

“தண்ணியே தெளிக்கல மாமா. ஆனாலும் தூள் ஈரமாவே இருக்கு.”

“நாக தோஷத்தால எம் பொண்ணு கல்யாணம் தள்ளிக்கிட்டே போவுது. இதுங்களும் செத்தா அந்தப் பாவமும் அவ தலையிலதான் விழும். குஞ்சு வரலன்னா நீ உங்க ஊட்டுக்கே போயிடு.”

ஒரு முட்டைகூடப் பொரியவில்லை, எல்லாம் அழுகிவிட்டன. சனிக்கிழமை அரசு வந்தபோது அவள் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியைக் கிளறினான். அடியில் வெள்ளையாகத் திப்பி திப்பியாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தான்.

“இது பாலாச்சே. யார் ஊத்துனது?”

தங்கை இசைவாணிதான் வாயைத் திறந்தாள். “அப்பாதான். என் தோஷம் கழியணும்னு தெனம் காலையில ஊத்துனாரு.”

“பாலை ஊத்துனா பூஞ்சை புடிக்காம என்னப்பா பண்ணும்?”

தாண்டவராயன் முதுகு வளையாமல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

“நான் ஊத்துனது சுத்தமான பசும்பாலு. அது எதையும் கெடுக்காது. இவ கை பட்டுத்தான் திரிஞ்சிருக்கும்.”